நீலம் குடித்த மண்

எங்கள் ஊர் லாங்ஸ்லூவில், ட்வெய்ட் குடும்பத்து வீட்டுக் கொல்லையில் இருந்த ஒரு துண்டு நிலம் தினமும் காலையில் இடுப்பு உயரத்துக்கு எழும்பி நிற்கும். மதியத்துக்குள் இறங்கிவிடும். பெரிய கட்டில் ஒன்றைப் போட்டால் சரியாக இருக்கும் அளவு. எழும்பும்போது சத்தம் கிடையாது, புல் மட்டும் கொஞ்சம் சரசரக்கும். மழை நாளில் தாமதமாகும். பனிக்காலத்தில் மேலே கிடக்கும் பனியையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருப்பதால் முழங்காலுக்கு மேல் வராது. விட்டிருந்தால் இடுப்புக்கு மேலும் போயிருக்கும். சுற்றிலும் இருந்த காட்டுச் செடிகளின் வேர்கள்தான் அதை நாலாபக்கமும் பிடித்து வைத்திருந்தன. வெளியூர் ஆட்கள் முதல்முறை பார்க்கும்போது வாயைப் பிளப்பார்கள். எங்களுக்கு அது ஏணி. விமான இறக்கைக்கு மேலே இருக்கும் டேங்கில் பெட்ரோல் ஊற்ற வேண்டுமென்றால் அதன்மேல் ஏறி நின்றால் போதும், கைக்கு எட்டும்.

அது எழும்பிய காரணத்தில் ரகசியம் எதுவும் இல்லை. அலாஸ்காவில் எங்கள் பகுதி ஊர்களுக்கு ரோடு கிடையாது. கோடையில் படகு, ஆறு கெட்டியாக உறைந்தபின் பனிவண்டி, மற்ற எல்லாவற்றுக்கும் விமானம். மற்ற ஊர்களில் வாசலில் வண்டி நிற்பதுபோல இங்கே வீட்டுக்குப் பின்னால் இரண்டு பேரோ நான்கு பேரோ உட்காரும் விமானம் நிற்கும். கிளம்புவதற்கு முன் இறக்கைக்கு அடியில் இருக்கும் சின்ன வடிகுழாயை அழுத்தி, கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். நீலமாக இருந்தால் அது விமானத்துக்குரிய ஈயப் பெட்ரோல். அடியில் கோலிக்குண்டு மாதிரி எதாவது உருண்டால் அது தண்ணீர். பார்த்து முடித்ததைத் தகர டப்பாவில் ஊற்றி வைக்க வேண்டும், தரையில் கொட்டக் கூடாது என்பது சட்டம். சட்டம் தொலைவில் இருந்தது, தரை காலடியில் இருந்தது. எல்லோரும் மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டிக் கொட்டிவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் காற்று போகிற பக்கம் பார்த்துக் கொட்டினார்கள். ஈனார் ட்வெய்ட் மட்டும் ஆயுள் முழுக்க ஒரே இடத்தில் கொட்டினார். அவர் அப்படிப்பட்ட ஆள். ஒரே தொப்பி, ஒரே மீன் சூப், கோபம் வந்தால் ஒரே கெட்ட வார்த்தை. பல வருடங்கள் கழித்து ஒரு நாள் காலை டம்ளரோடு வந்தவர், நிலம் தன் முழங்கால் உயரத்தில் நிற்பதைப் பார்த்து அந்தக் கெட்ட வார்த்தையைச் சொன்னார். பிறகு வழக்கம்போல அதன்மேல் கொட்டிவிட்டு, மூஸ் மான் கறி ஏற்றிவரக் கிளம்பிப் போனார்.

ஈனார் இறந்தபோது விமானமும் வீடும் கொல்லையும் மகள் ஆர்லாவுக்கு வந்தன. அவளும் அதே இடத்தில்தான் கொட்டினாள். நடக்கப் பழகும்போதே என்ஜின் சத்தத்தைக் கேட்டு இது இன்னார் வீட்டு விமானம் என்று சொல்லிவிடுவாள் என்பார்கள். அப்படிப்பட்டவள் கட்டிக்கொண்டது ஏபெல் அக்பிக் என்பவனை. அவன் வடக்கே கடலோர ஊர்க்காரன். வலை பின்னத் தெரியும், எந்தப் படகு மோட்டாரையும் திட்டித் திட்டியே ஓட வைப்பான், ஆனால் விமானத்துக்குள் கால் வைக்க மாட்டான். கல்யாணத்துக்கே ஆற்று வழியாகப் படகில் வந்தவன். என் முன்னோர் கடல்மேல் உறைந்த பனியில் நடந்தவர்கள், பனி உடையும் முன் சத்தம் போட்டுச் சொல்லும், காற்று ஒன்றும் சொல்லாது என்பான். ஊர் சும்மா விடுமா? "ஏம்ப்பா ஏபெல், உன் பொண்டாட்டி பட்டணத்துல இறங்கி, காய்கறி வாங்கி, முடிவெட்டிட்டுத் திரும்பி வந்துட்டா, நீ இன்னும் படகுக் கயித்தையே அவுக்கலயா?" என்று ஊரில் இன்னொரு விமானக்காரனான விர்ஜில் கேட்சம் ஓடுபாதையின் இந்த முனையிலிருந்து கத்துவான். ஏபெல் சிரித்துக்கொள்வான். கொல்லையில் எழும்பி நிற்கும் நிலத்தில்கூட அவன் உட்கார்ந்ததில்லை. அதைச் சுற்றிக்கொண்டுதான் விறகு எடுக்கப் போவான்.

நீலப் பெட்ரோலை நிறுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு எங்களுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே இருந்தது, அதனால் யாரும் நம்பவில்லை. தேதி குறித்தபோதும் தள்ளிப்போகும் என்று நினைத்தோம். ஒரு முறை தள்ளிப்போனது, அது எங்களை இன்னும் கெடுத்தது. கடைசியில் பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் கூட்டம் போட்டார்கள். குளிரில் மூக்கு சிவந்துபோன ஒரு பெண் அதிகாரி வந்து, இனிமேல் ஈயமில்லாத மஞ்சள் பெட்ரோல்தான் வரும், ஒவ்வொரு என்ஜினுக்கும் தனித்தனியாக அனுமதித் தாள் வாங்க வேண்டும், டேங்க் மூடிக்குப் பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்று விளக்கினாள். ஒரு கம்பெனி மஞ்சளை இன்னொரு கம்பெனி மஞ்சளோடு கலக்கக் கூடாது. பழைய டேங்குகளின் ரப்பர் இளகுமா என்று கேட்டதற்கு, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றாள். விர்ஜில் எழுந்து, "ஏம்மா, இந்த ஊர்ல பாலு வேணும்னாலும் பறக்கணும், பல்லு வலிச்சாலும் பறக்கணும். பட்டணத்துக்காரன் ஞாயித்துக்கிழமை பொழுது போகலன்னு பறக்கறான். ரெண்டு பேருக்கும் ஒரே சட்டமா?" என்று கேட்டான். அரங்கமே கைதட்டியது. அவள், கூட்டத்துக்கு வந்தவர்களுக்குப் பரிமாறிய கறியைத் தட்டில் கிளறிக்கொண்டே, "விஷத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாதுங்களே" என்றாள். விர்ஜில் உட்கார்ந்துவிட்டான். நாங்கள் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை. ஈயம் விஷம் என்று பீப்பாயிலேயே எழுதியிருந்தது. சாராயம் கெடுதல் என்று தெரிவதுபோல அதுவும் தெரியும், அவ்வளவுதான்.

அந்தக் கோடையில் வந்த சரக்குப் படகு மஞ்சளை இறக்கிவிட்டுப் போனது. முதலில் தாள் வந்தது விர்ஜிலுக்குத்தான். புதுப் பெட்ரோலில் பறக்கும் பெருமையில், முதல் டம்ளரைப் பழைய மரியாதைக்காக ட்வெய்ட் வீட்டு நிலத்தில் கொண்டுவந்து கொட்டினான். நிலம் அதைக் குடித்துவிட்டு மூன்று நாள் எழும்பவே இல்லை. நான்காம் நாள் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு எழும்பியது, வயிறு சரியில்லாத ஆள் எழுந்து நிற்பதுபோல. அதைப் பார்த்த ஆர்லா விர்ஜிலிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். அவளுக்கோ தாள் வந்தபாடில்லை. அவளுடைய விமானம் அவளைவிட வயதில் மூத்தது. என்ஜினில் எண் பொறித்த தகடு தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. எண் இல்லாத என்ஜினுக்குத் தாள் எப்படிக் கொடுப்பது என்று அலுவலகம் கேட்டது, தாள் இல்லாமல் இந்த என்ஜினை வைத்து என்ன செய்வது என்று இவள் திருப்பிக் கேட்டாள். டேங்கில் இருந்த கொஞ்ச நீலத்தோடு விமானம் கொல்லையில் நின்றது.

இதற்கிடையில் ஆர்லா கர்ப்பமானாள். ஒன்பது வருடம் காத்திருந்து, இனிமேல் இல்லை என்று இருவரும் தங்களுக்குள் பேசி முடித்துவிட்ட பிறகு வந்த குழந்தை. ஏபெல் அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு ஆற்றங்கரைக்குப் போய் உட்கார்ந்து அழுததை ஊரே பார்த்தது, யாரும் கேலி செய்யவில்லை. ஊர் நர்ஸ் பெர்னிஸ் ஆர்லாவின் ரத்தத்தை எடுத்து அனுப்பினாள். ரத்தத்தில் ஈயம் இருந்தது. கொல்லையில் எழும்பும் நிலத்தின் மண்ணையும் எடுத்து அனுப்பினாள். மண்ணில் இருந்த ஈயத்தின் அளவைப் பார்த்துவிட்டு, இவ்வளவு இருக்க முடியாது, அனுப்பும்போது எங்கோ தவறு நடந்திருக்க வேண்டும் என்று ஆய்வுக்கூடம் திரும்பவும் மண் கேட்டது. பிறகு உத்தரவு வந்தது: குழந்தை தவழ்வதற்கு முன் அந்த நிலத்தைத் தோண்டி, பீப்பாய்களில் அடைத்து, வெளியேற்ற வேண்டும். பெர்னிஸ் வீட்டுக்கே வந்து சொன்னாள். "ஆர்லா, நேராவே சொல்றேன். உனக்கு ஏறினது ஏறினதுதான், பாத்துக்கலாம். புள்ளைக்கு அப்படி இல்ல. கொஞ்சூண்டு போனாலும் மூளைய அடிக்கும். அந்தப் பக்கமே போகாத." ஆர்லா தலையாட்டினாள். ஆறு உறைந்து பனிவண்டி வந்ததும் ஆட்களை வைத்துத் தோண்டிவிடலாம் என்று ஒத்துக்கொண்டாள். அப்பாவின் தொப்பியைக் கொடுத்தாயிற்று, துப்பாக்கியைக் கொடுத்தாயிற்று, இதையும் கொடுப்பதில் என்ன என்று அவளே சொன்னதாக பெர்னிஸ் எங்களிடம் சொன்னாள்.

இலையுதிர்காலத்தின் கடைசி வாரம். ஆற்றில் பனித்தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு மிதந்தன. படகும் விட முடியாது, பனிவண்டியும் போக முடியாது. பிரசவத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது, வெள்ளிக்கிழமை வரும் தபால் விமானத்தில் அவளைப் பட்டணத்துக்கு அனுப்புவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாள் காலை, மூடுபனி ஊரை மூடியிருந்த நேரத்தில், ஏபெல் விறகு எடுக்கப் பின்பக்கம் வந்தான். ஆர்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறக்கைக்கு அடியில் குனிந்து, டம்ளரில் நீலத்தைப் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நிலத்தின்மேல் கொட்டுவதைப் பார்த்தான். அவள் எங்கும் பறக்கப் போவதில்லை. பறப்பதற்காக அல்ல, நிலத்துக்காக ஊற்றிக்கொண்டிருந்தாள். கோடை முழுக்க தினம் ஒரு டம்ளர் ஊற்றியிருந்தாள்.

"என்ன பண்றே?"

"அது சாயுது ஏபெல். விர்ஜில் ஊத்தினதுலேருந்து சாயுது. டேங்க்ல இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. அதுவரைக்கும்—"

"வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு மண்ணுக்குப் பாலூட்டறியா?"

"மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் ஊத்தறேன்."

"அட, மூக்கைப் பொத்திக்கிட்டாளாம்! பெர்னிஸ்கிட்ட அதையும் சொல்லிட்டு வா போ."

அவன் கொட்டகையிலிருந்து மண்வெட்டியை எடுத்துவந்து, மூடுபனியில் இன்னும் எழும்பாமல் கிடந்த நிலத்தின் ஓரத்தில் வெட்டத் தொடங்கினான். ஆர்லா தடுத்தாள், அவன் கேட்கவில்லை. அவள் நிலத்தின்மேல் ஏறி நடுவில் உட்கார்ந்துகொண்டாள். "என்னையும் சேத்து வெட்டிப் பீப்பாய்ல போடு" என்றாள். "போடத்தான் போறேன்" என்றான். உண்மையில் அவன் அவளைத் தொடவில்லை, சுற்றி ஓரத்தை மட்டும் வெட்டிக்கொண்டு போனான், ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு வார்த்தை திட்டிக்கொண்டு. வேர்கள் பட்டென்று அறுந்தன. ஒன்பது வருடம் கேட்டு வாங்கிய குழந்தை என்றான். எங்கப்பா நின்ன இடம் இது ஒண்ணுதான் என்றாள். இரண்டும் நியாயம்தான், அதுதான் கஷ்டம். கடைசி மூலையில் இருந்த தடித்த வேரில் மண்வெட்டி இறங்கியதும் நிலம் எழும்பியது. இடுப்பு உயரத்தில் நிற்கவில்லை. அதைப் பிடித்து வைத்திருந்தது எதுவோ, அதைத் தானே வெட்டிவிட்டோம் என்பது அப்போதுதான் ஏபெலுக்குப் புரிந்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து, அறுந்து தொங்கிய வேர்களைப் பிடித்தான். அவன் கால்கள் தரையை விட்டன. ஆர்லா அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து மேலே ஏற்றினாள். அதன்பின் இருவரும் மூடுபனிக்குள் போய்விட்டார்கள்.

மேலே நடந்ததை அவர்கள் இருவரும் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன், இருவர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தது. மூடுபனிக்கு மேலே வெயில் இருந்தது. நிலம் அடியில் வெதுவெதுப்பாக இருந்தது, புதினா வாசமும் பெட்ரோல் வாசமும் கலந்து வந்தது. ஏபெல் குப்புறப் படுத்துப் புல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். தெற்கே போகும் வாத்துக் கூட்டம் ஒன்று பக்கத்தில் வந்து, கொஞ்ச நேரம் கூடவே பறந்து, அவனைப் பார்த்துவிட்டு முந்திப் போனது. ஆர்லா ஒரு பக்கம் சாய்ந்தால் நிலம் அந்தப் பக்கம் திரும்பியது. கீழே மேகம் விலகிய இடத்தில் ஆறு தெரிந்தது, அதை வைத்து அவள் பட்டணத்துக்குத் திசை பார்த்துக்கொண்டாள். நல்லவேளை. ஏனென்றால் சற்று நேரத்தில் அவளுக்கு வலி எடுத்தது.

"ஏபெல், கண்ணைத் தொற."

"முடியாது."

"தண்ணிக்குடம் ஒடஞ்சிடுச்சு. கண்ணைத் தொறடா!"

திறந்தான். அவன் வாழ்க்கையில் அதுவரை பார்த்திராத உயரம், நாலாபக்கமும் ஒன்றுமில்லை. அதன்பின் அவன் கீழே பார்க்கவே இல்லை, நேரம் இல்லை. தன் கோட்டைக் கழற்றி விரித்து, பிள்ளைமேல் மண் ஒரு துளிகூடப் படக் கூடாது என்று அவளைத் தூக்கி அதன்மேல் கிடத்தினான். வலிக்கு நடுவில் அவள் சாய வேண்டிய பக்கத்தைச் சொல்ல, அவன் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து நிலத்தைத் திருப்பினான். காற்றில் ஒரு துளி அசைவுகூட இல்லை என்பார்கள். மலைகளுக்கு மேலே, வெயிலில், பெண் குழந்தை பிறந்தது. ஏபெல் அதைச் சட்டைக்குள் நெஞ்சோடு போட்டுக்கொண்டு, "கத்துது ஆர்லா, நல்லா கத்துது" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். அவளுக்கும் அது காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

மதியம் நெருங்க, மூவரின் பாரத்தில் தாழ்ந்து வந்த நிலம் பட்டணத்து மருத்துவமனைக்குப் பின்னால், வண்டிகள் நிறுத்தும் இடத்துக்கும் குப்பைத் தொட்டிகளுக்கும் நடுவில் இருந்த புல்வெளியில் இறங்கியது. சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஊழியர் ஒருவர் பார்த்துவிட்டுத் தள்ளுவண்டி எடுக்க ஓடினார். ஏபெல் ஆர்லாவைக் கீழே இறக்கி உட்கார வைத்ததும், பாரம் குறைந்த நிலம் மறுபடி அசைந்தது. அதற்கு இனி வேர் இல்லை. ஆர்லா ஒரு கையில் குழந்தையும் மறு கையில் அதன் ஓரத்துப் புல்லுமாக உட்கார்ந்திருந்தாள். அவள் பிடித்திருந்ததால்தான் அது நின்றது. அவள் முகத்தைப் பார்த்த ஏபெல் தன் இடுப்பு பெல்ட்டை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"அந்தக் கம்பத்துல கட்டிடறேன். வேற எங்கயாச்சும் தள்ளி வச்சுக்கலாம் ஆர்லா. ஆத்துக்கு அந்தப் பக்கம், வேலி போட்டு. நான் இனிமே ஒண்ணும் சொல்லல."

"வேணாம்" என்றாள் அவள்.

"நெசமாத்தான் சொல்றேன்."

"தெரியும். வேலி போட்டா நான் தாண்டிப் போவேன் ஏபெல். தினம் போவேன். என்னை எனக்குத் தெரியாதா?"

தள்ளுவண்டி வரும் சத்தம் கேட்டது. அவள் கையைத் திறந்தாள். நிலம் நேராக எழும்பி, கூரையைத் தாண்டி, வடக்கே போனது. அவள் அழுதாள். பிரசவ வலியில் அழாதவள் அப்போது சத்தம் போட்டு அழுதாள் என்று ஏபெல் சொன்னான்.

பிறந்த இடம் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று மருத்துவமனையில் குழப்பம் வந்தது. வானத்தில் என்றால் விமானத்தின் பதிவெண் வேண்டும். நிலத்துக்குப் பதிவெண் இல்லை, ஆனால் மனை எண் இருந்தது. பிள்ளை பெற்றோரின் சொந்த மனையில்தான் பிறந்திருக்கிறது என்று முடிவாகி லாங்ஸ்லூ என்றே போட்டார்கள். குழந்தைக்கு சிக்னி என்று பெயர் வைத்தார்கள். கொல்லையில் இருந்த குழியை அந்த மூக்கு சிவந்த அதிகாரி வந்து சோதித்தாள்; ஓரங்கள் ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தன, அடியில் ஈயம் இல்லை. மண்ணை எங்கே அனுப்பினீர்கள் என்று கேட்டாள். ஏபெல் கையை மேலே காட்டினான். அவள் அண்ணாந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, வெளியேற்றப்பட்டது என்று எழுதிக்கொண்டாள். ஆற்று மண்ணைக் கொண்டுவந்து குழியை நிரப்பினார்கள். சிக்னி அதில்தான் தவழ்ந்தாள், அதில்தான் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டாள்.

ஆர்லாவின் தாள் அடுத்த கோடையில் வந்தது. விர்ஜில் பழைய சாமான்களுக்குள் தேடி ஈனார் எழுதிவைத்திருந்த என்ஜின் எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்தான், அதோடு இருவரும் மறுபடி பேசத் தொடங்கினார்கள். இப்போது எல்லோரும் மஞ்சளில்தான் பறக்கிறோம். விலை அதிகம், என்ஜின் கொஞ்சம் சூடாகிறது, மற்றபடி குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஆனாலும் சொல்கிறோம். நிலம் மலைத்தொடருக்கும் ஆற்றுக்கும் நடுவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு பிடி மண்கூடக் கீழே விழுந்ததில்லை, புல் அவ்வளவு அடர்த்தி. என்ஜின் இல்லாமல் மிதந்து வருவதற்கு என்ஜின் உள்ளது வழிவிட வேண்டும் என்பது சட்டம், அதனால் நாங்கள் வழிவிடுகிறோம். "ட்வெய்ட் கொல்லை, ஆத்து வளைவுக்கு மேல, கெழக்கால போயிட்டிருக்கு" என்று யாராவது ரேடியோவில் சொல்வார்கள். கேட்டவர்கள் சரி என்பார்கள்.

ஒவ்வொரு வருடமும் இலையுதிர்காலத்தில் பெர்னிஸ், சிக்னியின் விரலில் குத்தி ரத்தம் எடுத்து அனுப்புகிறாள். ஒவ்வொரு வருடமும் அதில் ஈயம் இல்லை என்று பதில் வருகிறது. பதில் வந்த நாளில் ஆர்லா வேறு எந்த வேலையும் இல்லாமல் விமானத்தை எடுத்துக்கொண்டு போவாள். நிலம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து, பக்கத்திலேயே மெதுவாக ஒரு சுற்று பறந்துவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வருவாள். ஏபெல் சூப்பை இறக்கி வைத்திருப்பான்.

"சேதியச் சொல்லிட்டியா?" என்று கேட்பான்.

"சொல்லிட்டேன்."

"என்ன சொல்லிச்சு?"

"மண்ணு என்னப்பா சொல்லும்" என்பாள் ஆர்லா. சிக்னியின் கிண்ணத்தை நிரப்பிவிட்டுத் தானும் சாப்பிட உட்காருவாள்.